நீல வண்டியின் பின் பிரேக்

ஆகஸ்ட் 11, திங்கள்

மெக்கானிக் வெள்ளைச்சாமி அண்ணனை இன்று நடுத்தெருவில் வைத்துத் திட்டிவிட்டேன். திட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை.

எங்கள் லோடு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டு, "பிரேக்கு பக்கா தங்கச்சி, கண்ண மூடிக்கிட்டு மலையேத்தலாம்" என்றார். நான் ஏறி ஒரு தெரு ஓட்டிப் பார்த்தேன். மாதா சிலை இருக்கிற கெபி முன்னால் நிறுத்தலாம் என்று மிதித்தால், பெடல் பாதிவரை சும்மா இறங்கியது. அதற்குப் பிறகுதான் பிடித்தது. பிடித்தும் வண்டி நிற்கவில்லை. முன்பக்கம் குனிந்து, பின்பக்கம் தள்ளிக்கொண்டே வந்து, கெபியைத் தாண்டிப் பால் சொசைட்டி வாசலில் போய் நின்றது. வரிசையில் நின்றவர்கள் கேனும் கையுமாகச் சிதறினார்கள்.

"அண்ணே, கெபிக்கிட்ட மிதிச்சேன். எங்க நிக்குது பாருங்க."

"நாலு சக்கரத்துக்கும் புது பிரேக் லைனிங் போட்டுருக்கு தங்கச்சி. நாலு நாள் ஓடுனா செட் ஆயிரும்."

"அந்த நாலு நாளும் எது மேல மோதி நிறுத்துறது?"

டீக்கடையில் சிரித்தார்கள். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

இந்த வண்டி கிட்டத்தட்ட ஒன்றரை வருஷமாகச் சந்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. என் மகள் ஜெனிட்டாவின் அப்பா திருப்பூருக்குப் போன பிறகு என் தம்பி லியோ கொஞ்ச நாள் மலைக்கு ஓட்டினான். ஒரு நாள் இஞ்சின் இறுகி ஓடாமல் நின்றது, அத்தோடு சரி. கோழி உள்ளே முட்டையிட்டது. இப்போது இஞ்சின் வேலை முடிந்து, தகரம் ஒட்டி, பெயின்ட் அடித்து, பார்க்க வண்டி மாதிரி இருக்கிறது. பழைய நிறம் வெள்ளை. நீலம் அடிக்கச் சொன்னேன், அழுக்குத் தெரியாது என்பதற்காக.

டிரைவர் சீட்டை எட்டப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். நான் நுனியில் உட்கார்ந்தால்தான் கால் எட்டுகிறது. மாற்றவா என்று டிங்கர் கடையில் கேட்டார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வத்தலக்குண்டில் ஆமினாக்கா ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு வாஷர் செட் வாங்கினேன். பெடல் இறங்குகிறது என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டுமாம்.

"யாரு ஓட்டப் போறா, பிலோமினா?" என்று கேட்டாள்.

"வாஷர் செட் குடுங்கக்கா" என்றேன்.

யார் ஓட்டினால் என்ன. பீன்ஸும் சவ்சவ்வும் மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். வாடகை வண்டிக்காரன் மூட்டை மேல் மூட்டையாக அடுக்கி எல்லாவற்றையும் நசுக்குகிறான். சொந்த வண்டி வேண்டும். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். பூசைக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

பூசை முடிந்து மதலைமேரி மதினி வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரருடைய அக்கா. சேலையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், ஒரு மாதிரி சிரித்தாள்.

"நீலம் அவனுக்குப் புடிக்கும்ல?"

"அழுக்கு தெரியாது மதினி."

"சரி சரி." காப்பியை ஆற்றிக்கொண்டே பேச்சை எடுத்தாள். "சவரி போன் பண்ணான். அங்க எல்லாம் முடிஞ்சுபோச்சாம். அவளுக்கும் இவனுக்கும் இப்ப ஒண்ணுமில்லையாம். தப்புதான் அக்கா, தப்புதான் அக்காங்குறான். மாசக் கடைசில வரட்டுமா, நீ என்ன சொல்லுற?"

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"உன் கோவத்துக்குப் பயப்படுறான்."

போன் எடுக்கப் பயம். திருப்பூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தப் பயம் இல்லை. இதைச் சொல்லவில்லை, காப்பி டம்ளரைக் கழுவினேன். ஜெனிட்டா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குக் கதவு ஒரு மறைப்பா? மதினி போன பிறகு, "அப்பா வருவாராம்மா?" என்றாள்.

"தெரியாது. படி."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வாஷர் செட் மாற்றியாயிற்று. பெடல் இப்போது கல் மாதிரி நிற்கிறது, பாதிவரை இறங்கவில்லை. ஆனால் வண்டி நிற்பதில் ஒரு மாற்றமும் இல்லை. அதே குனிவு, அதே தள்ளல். பின்னால் நாலு மூட்டை மணல் ஏற்றிப் பார்த்தேன். இன்னும் மோசம்.

வெள்ளைச்சாமி அண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஒன்றும் செய்யவில்லை. "பழைய வண்டி தங்கச்சி, அது அப்படித்தான்" என்கிறார். பத்து வருஷம் இதே வண்டியில் ஜெனிட்டாவின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். அது அப்படி இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் மேல் எனக்கு எத்தனை ஆத்திரம் இருந்தாலும், மலையில் வண்டி ஓட்டுவதில் குறை சொல்ல மாட்டேன். கடைசி ஒன்றரை வருஷம் இறக்கத்தில் இரண்டாம் கியரை விட்டு மேலே போனதில்லை. மற்ற டிரைவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போவார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். "புள்ளகுட்டி இருக்குல்ல" என்பார். இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில்கூடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஜாக்கி வைத்து நானே நாலு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் கழற்றினேன். ஜெனிட்டாவின் அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்த வேலைதான். பின் இடது டிரம் வர மறுத்தது. சுத்தியலால் சுற்றிலும் தட்டிக் கடைசியில் எடுத்தேன். விரல் நகம் ஒன்று போயிற்று.

முன் டிரம் இரண்டும் உள்ளே பளபளவென்று தேய்ந்து, கறுப்புத் தூள் கொட்டுகிறது. பின் டிரம் இரண்டும் துரு. கழற்றிய பழைய லைனிங்கைக் கோணிப்பையில் போட்டு வைத்திருந்தேன். முன் லைனிங் ரிவிட் தெரியும்வரை தேய்ந்திருக்கிறது. பின் லைனிங் அப்படியே கனமாக இருக்கிறது.

பையோடு ஆமினாக்கா கடைக்குப் போனேன். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பின்னாடி பிரேக்கே பிடிக்கலம்மா. இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளா. ஹேண்ட் பிரேக்குக்கு மட்டுந்தான் அந்த ஷூ அசைஞ்சிருக்கு. ஆயில் பின்னாடி போகுதான்னு பாரு" என்றாள்.

பின்னால் போகிற ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம் என்று ஒன்று கொடுத்தாள்.

புது லைனிங் போட டிரம்மைக் கழற்றிய வெள்ளைச்சாமி அண்ணன் கண்ணில் இந்தத் துரு படவில்லையா?

ஆகஸ்ட் 21, வியாழன்

ஹோஸ் மாற்றினேன். பலன் இல்லை. மழை. பீன்ஸ் வாடகை வண்டியில் நசுங்கி வந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கையில் ஆயில் வழவழப்பு இன்னும் போகவில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும்.

மதினி காலையில் வந்தாள், என் பதிலைக் கேட்க. நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன். பிரேக் பைப்பில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் மேலே பெடலை மிதிக்க, ஒருத்தர் கீழே சக்கரத்தில் ஆயில் வெளியே விடுகிற நிப்பிளைத் திறக்க வேண்டும். ஆள் இல்லாமல் இரண்டு நாளாகக் காத்திருந்தேன்.

"மதினி, சீட்ல ஏறி உக்காருங்க. நான் மிதின்னா மிதிக்கணும். புடின்னா மிதிச்சபடியே புடிச்சுக்கணும்."

"ஏண்டி, நான் பேச வந்தா..."

"மிதிச்சுக்கிட்டே பேசுங்க."

அவர்கள் குடும்பமே உயரம். மதினிக்கு அந்த சீட் அளவெடுத்ததுபோல் இருந்தது. மிதித்துக்கொண்டே தம்பிக்காக வாதாடினாள். ஆம்பளை புத்தி, சேர்க்கை, பிள்ளைக்கு அப்பன் வேண்டாமா, ஊர் என்ன சொல்லும். நான் முன் சக்கர நிப்பிளைத் திறந்தேன். ஆயில் பீய்ச்சியது. அடுத்த முன் சக்கரம். அதுவும் பீய்ச்சியது. பின் சக்கரத்துக்குப் போனேன்.

"மிதிங்க."

"மிதிச்சுட்டேன்."

ஒரு சொட்டு இல்லை. நிப்பிளையே முழுசாகக் கழற்றினேன். வறண்டு கிடந்தது. அடுத்த சக்கரமும் அப்படியே.

"எத்தன தடவ மிதிக்கிறது? கால் வலிக்குது" என்றாள் மதினி.

பின் ஹோஸை அவிழ்த்தேன். அங்கேயும் வறட்சி. பைப்பைத் தடவிக்கொண்டே சேஸிஸ் ஓரமாக முன்னால் வந்தேன். எங்கும் நசுங்கவில்லை. இஞ்சினுக்குக் கீழே மூன்று பைப் சேருகிற பித்தளை ஜாயின்ட் இருக்கிறது. அதிலிருந்துதான் பின்னால் ஒரு பைப் பிரிகிறது. அந்த நட்டை அவிழ்த்தேன். பைப் கையோடு வந்தது. ஓட்டையிலிருந்து ஆயில் வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன், வழவழப்பாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

"மதினி, ஒரே ஒரு மிதி."

மிதித்தாள். அது தெறித்து என் கழுத்தில் விழுந்தது. பின்னாலேயே ஆயில் கொட்டி முழங்கைவரை வழிந்தது. தரையில் தேடி எடுத்தேன். பேரிங் குண்டு, பட்டாணி அளவு. தானாகப் போய் உட்காருகிற இடம் இல்லை அது. யாரோ நட்டை அவிழ்த்து, குண்டை வைத்து, மறுபடி முறுக்கியிருக்கிறார்கள்.

வெளியே வந்து மதினியிடம் காட்டினேன். "இதென்னடி?" என்றாள்.

"பின் பிரேக்க அடைச்சு வச்சிருக்கு மதினி. வேணும்னே."

"யாரு?"

அவளுக்கே விடை தெரிந்திருக்க வேண்டும். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று தன் ஊருக்குத் திரும்பவும் இல்லை, இங்கேயே தங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வெள்ளைச்சாமி அண்ணன் பட்டறைக்குப் போனேன். மதினியும் கூட வந்தாள், நான் கூப்பிடவில்லை.

குண்டை அவருடைய மேசையில் வைத்தேன். பார்த்தவுடன் கையில் இருந்த துணியால் முகத்தைத் துடைத்தார். முகத்தில் கரி ஏறியது.

"யாரு வச்சது அண்ணே?"

"நான்தான். ஆனா சவரி சொல்லித்தான் தங்கச்சி. வீல் சிலிண்டர் ஒழுகுச்சு. மறுநாள் காலைல எல்லாரையும் ஏத்திக்கிட்டு மலைக்குப் போகணும், நிக்க நேரமில்ல, இப்போதைக்குப் பின் லைன அடைச்சு விடு, வந்து மாத்திக்கலாம்னான். அப்பவே சொன்னேன், வேணாம்டான்னு."

"எல்லாரையும்னா?"

"பாப்பா புதுநன்மை சமயம்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெனிட்டா கோயிலில் முதல்முறையாக நற்கருணை, அதாவது புதுநன்மை வாங்கிய மறுநாள், மலைமேல் தாண்டிக்குடியில் என் சித்தி வீட்டில் விருந்து. பின்னால் பெஞ்சு போட்டு, வெள்ளை கவுனோடு ஜெனிட்டா, நான், அம்மா, மதினி, மதினியின் இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் ஓரக் கம்பியில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடினார்கள். வாழைத்தார் வேறு ஏற்றிக்கொண்டு இறங்கினோம்.

மதினி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அதுக்கப்புறம் ஏன் எடுக்கல?"

"கேட்டா அடுத்த வாரம் அடுத்த வாரம்பான். முன் பிரேக்கே போதும், நான் கியர்ல புடிச்சு எறக்கிக்கிறேன்னு சொல்லுவான்."

இரண்டாம் கியர். புள்ளகுட்டி இருக்குல்ல. இதை நான் அன்பியத்தில் எழுந்து நின்று சொன்னேன்.

"சரி. இப்ப நான் வண்டிய உங்ககிட்ட விட்டேன்ல. இப்ப ஏன் சொல்லல?"

ரொம்ப நேரம் ஸ்பேனரைத் துடைத்தார். "போன மாசம் அவனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பிலோமிக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவா, இந்த நேரத்துல வேணாம், நான் வந்து சத்தமில்லாம எடுத்துர்றேன், அதுவரைக்கும் லைனிங்க மாத்தி ஒப்பேத்துன்னான்."

"அதுவரைக்கும் நான் ஓட்டுனா?"

"நீ தெருவத் தாண்டி ஓட்ட மாட்டேன்னு..."

அந்தத் துணியைப் பிடுங்கி அவர் முகத்தில் எறிந்தேன். மதினி என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். என் ஆத்திரத்துக்கு அவர் பாதிதான் சொந்தக்காரர், அது எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

லியோவுக்குப் போன் செய்தேன். வண்டியைக் கொடுத்தபோது ஜெனிட்டாவின் அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "டீசல் மீட்டர் வேலை செய்யாது, பாத்துக்கன்னாரு" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். என் தம்பி லோடு ஏற்றிக்கொண்டு தினமும் இறங்கியிருக்கிறான். இறக்கத்தில் வண்டி தள்ளுகிறதே என்று அவன் ஒரு நாள் சொன்னதும், "உனக்கு ஓட்டத் தெரியல" என்று நான் கடிந்துகொண்டதும் இப்போது நினைவு வருகிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆமினாக்கா சொன்ன வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பின் வீல் சிலிண்டர் இரண்டும் புதிது. நான் பக்கத்திலேயே நின்றேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தார், பள்ளிக்கூடம் விடுவதற்குள் முடிந்துவிட்டது. சீட்டையும் முன்னுக்குத் தள்ளிப் பூட்டச் சொன்னேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வந்தான்.

வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மதினி, "நான் சொல்லிரவா?" என்று கேட்டாள். வரட்டும் என்றேன். முகத்துக்கு நேரே கேட்க வேண்டியிருந்தது.

மெலிந்திருந்தான். ஜெனிட்டாவுக்குத் திருப்பூர் பனியன், பாவாடை, ஒரு பை நிறைய. அவள் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

வண்டியைச் சுற்றி வந்து, "நீலம் அடிச்சிருக்க" என்றான் சிரித்துக்கொண்டே.

ஜெனிட்டாவைக் கடைக்கு அனுப்பினேன். குண்டை அவன் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை, தெரிந்துவிட்டது.

"வெள்ளைச்சாமி உளறிட்டானா?"

"நானே எடுத்தேன்."

"நீயா?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "பிலோமி, இது ஒரு பெரிய விஷயமே இல்ல. பாதி வண்டி இப்படித்தான் ஓடுது. நான் எவ்வளவு பாத்துப் பாத்து எறக்குனேன், பக்கத்துல உக்காந்திருந்தியே, உனக்குத் தெரியாதா? ஒண்ணும் ஆகலயில்ல?"

"லியோகிட்ட ஏன் சொல்லல?"

இங்கே அவன் என்று எழுதுகிறேன், நேரில் வாய்ப் பழக்கத்தில் நீ என்று வரவில்லை. நீங்க என்றுதான் தொடர்ந்தேன். "நீங்க போனீங்க. எவளோட வேணா போயிக்கங்க. போறப்ப என் தம்பிகிட்ட பின் பிரேக்கு இல்லன்னு ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்."

"போன மாசம் வெள்ளைச்சாமி அண்ணன் கேட்டப்ப ஞாபகம் வந்துச்சே. அப்ப ஏன் எனக்குச் சொல்லல?"

"வர்ற நேரத்துல எதுக்குப் பிரச்சினைன்னு..."

வேறு ஒரு பெண்ணோடு போனதற்குக்கூட இத்தனை நாளில் எனக்குள் ஒரு சமாதானம் தேடிக்கொண்டிருந்தேன், அதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். இதற்கு என்ன சமாதானம் தேடுவது?

மதினிதான் பேசினாள். வாசற்படியில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல். "என் புள்ளைக ரெண்டும் அதுல பின்னாடி உக்காந்து வந்துச்சுக சவரி. கம்பில தொங்கிக்கிட்டு வந்துச்சுக."

"அக்கா, நீயுமா?"

"பைய எடு. எங்க வீட்டுக்கும் வராத. பஸ் இருக்கு, போ."

எடுத்துக்கொண்டு போனான். தெருமுனையில் ஜெனிட்டா எதிரே வந்தாள். குனிந்து அவளிடம் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று தெரியவில்லை. அவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெனிட்டா என்னோடு பேசவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போகிறாள். "உனக்கு எப்பப் பாத்தாலும் கோவம், அதான் அப்பா போயிட்டார்" என்றாள். அறைய ஓங்கின கையை இறக்கிக்கொண்டேன். காரணத்தைச் சொல்லிவிட ஒரு நிமிஷம் போதும். அந்த வெள்ளை கவுன் நாளை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. பெரியவளானதும் சொல்வேன். அதுவரை என் மேல் கோபமாக இருக்கட்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. கிடைத்தது. இன்ஸ்பெக்டர் பிரேக்கை மிதிக்கச் சொன்னார், மிதித்தேன், எழுதிக் கொடுத்துவிட்டார். டிரைவர் எங்கே என்றார். நான்தான் என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

முதல் லோடு. தாண்டிக்குடியிலிருந்து பீன்ஸ், சவ்சவ், கொஞ்சம் வெண்ணெய்ப்பழம். துணைக்கு மதினி வந்தாள். ஏறும்போது நன்றாக இருந்தது. இறங்கும்போது உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. மதினி ஜெபமாலையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

பெரும்பாறை தாண்டி ஒரு வளைவில், வளைந்தபின்தான் தெரிந்தது, காட்டுமாடு ஒன்று தன் கன்றோடு ரோட்டின் குறுக்கே நிற்கிறது. ஒதுங்க இடம் இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கியரை யோசிக்க நேரமும் இல்லை. மிதித்தேன்.

நின்றது. குனியவில்லை, தள்ளவில்லை. நாலு சக்கரமும் சேர்ந்து தரையைப் பிடித்துக்கொண்டன. ஒரு மூட்டை மட்டும் கேபினில் வந்து இடித்தது. மாடு எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கன்றை முன்னால் விட்டு மெதுவாக மேட்டில் ஏறிப் போனது.

நான் ஸ்டியரிங்கில் குத்த ஆரம்பித்தேன். கை வலிக்கும்வரை குத்தினேன்.

"பயந்துட்டியாடி?" என்றாள் மதினி.

"இல்ல மதினி. கோவம்."

"அதான் நின்னுருச்சே. இப்ப என்ன கோவம்?"

"மிதிச்சேன், நின்னுருச்சு மதினி. இவ்வளவுதான். ஒரு மத்தியான வேலை, அதக்கூடச் செய்யல."

பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தது. மதினி ஜன்னல் வழியே கையை நீட்டி, பொறு என்று காட்டினாள். நான் அழுது முடிக்கும்வரை அந்தக் கையை உள்ளே எடுக்கவில்லை.